எதிரே வருபவருக்கு ஒரு கையசைப்பு



அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்தை ஊடுருவிச் செல்லும் ஒரு நெடுஞ்சாலையை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். இருமருங்கிலும் கள்ளிச் செடிகள். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை ஊரும் இல்லை, ஆளும் இல்லை. வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் ஒரு பெரிய வண்டியில் சென்றுகொண்டிருக்கிறார்கள். எதிர்த்திசையில் அதே போன்ற இன்னொரு வண்டி வருகிறது. அதை ஓட்டி வருபவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்துகிறார். இவரும் கையை உயர்த்துகிறார். இரண்டே நொடிகள், வண்டிகள் ஒன்றையொன்று கடந்து போய்விடுகின்றன.

அவ்விருவரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். இனி ஒருபோதும் சந்திக்கப் போவதும் இல்லை. பின் எதற்காக இந்த முகமன்? இதனால் யாருக்கு என்ன ஆதாயம்? இந்தச் சிறு வினாவைத் தொடர்ந்து சென்றால், நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பெரிய செய்தி ஒன்று கிடைக்கிறது.

வீட்டோடு செல்லும் பயணம்

மேலை நாட்டினர் 'மோட்டார் ஹோம்' என்று அழைக்கும் இவ்வகை வண்டியை நாம் 'வீட்டு வண்டி' என்போம். வேன் அளவிலும் உண்டு. பேருந்து அளவிலும் உண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி அனைத்தும் அதற்குள்ளேயே அடக்கம். எந்த ஊரில் பொழுது சாய்கிறதோ அந்த ஊரே அன்றைய இருப்பிடம்.

காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வகைக்குப் பிரிட்டனில் 'காரவான்' என்று பெயர். பாரசீக மொழியின் 'கார்வான்' என்னும் சொல்லே இவ்வாறு மருவியது. ஒட்டகங்களில் பண்டம் ஏற்றிக் கூட்டமாகப் பாலையைக் கடந்த வணிகரையும் யாத்திரிகரையும் குறித்த சொல் அது. பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 1885 ஆம் ஆண்டில் குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்து, இன்பப் பயணமாக நாட்டைச் சுற்றி வந்தார். 1907 இல் அந்நாட்டில் காரவான் சங்கம் தோன்றியது. ஜெர்மனியில் 1950 இல் வோக்ஸ்வேகன் வேன் உற்பத்தி தொடங்கிய பின்னர், அதையே சிறு வீடாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த வின்னபேகோ நிறுவனம் 1966 முதல் வீட்டு வண்டிகளைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்து, நடுத்தர மக்களும் வாங்கும்படி செய்தது.

இத்தகைய வண்டிகளை ஓட்டுவோரிடையே எழுதாத சட்டமாக ஒரு வழக்கம் வேரூன்றியது: தம்மைப் போன்ற வண்டி எதிரே வந்தால் கையசைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் ஸ்டீயரிங்கின் மேல் ஒரு விரலை உயர்த்தினாலே போதும். பல மணி நேரம் ஓட்டியும் மனித முகத்தைக் காணாத அந்தப் பெருவெளியில், ஒரு விரல் உயர்வதும் ஓர் உரையாடலுக்கு ஒப்பானதே.

கைக்குப் பின்னால் உள்ள பொருள்

வீட்டை உடன் கொண்டு செல்பவருக்குத் தொல்லைகளும் உடன் வருகின்றன. நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்யலாம்? முன்னால் உள்ள பாலத்தின் கீழ் இந்த உயரமான வண்டி நுழையுமா? மலைச்சரிவில் பக்கவாட்டுக் காற்று பலமா? சாதாரணக் காரில் செல்பவருக்கு இவை தெரியா. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. எதிரே அதே வகை வண்டியில் வருபவருக்குத்தான் தெரியும். ஆஸ்திரேலியாவில் காரவான் பயணிகள் தம் வானொலிக் கருவியில் 18 ஆம் அலைவரிசையைத் தம்மவரோடு பேசவே பயன்படுத்துகின்றனர். பெரிய சரக்கு வண்டி முந்திச் செல்ல வழி விடுவது முதல், முன்னே சாலையில் வெள்ளம் என்று எச்சரிப்பது வரை அதில் நடக்கிறது.

தங்குமிடத்திலும் இதே உறவு தொடர்கிறது. புதிதாக வந்தவர் வண்டியைப் பின்னோக்கி நிறுத்தத் திணறினால், பக்கத்து வண்டிக்காரர் இறங்கி வந்து கைகாட்டி உதவுவார். ஒழுங்குகளும் உண்டு. ஒருவர் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்து அவர் கவனத்தைக் கலைத்தல் ஆகாது. பிறர் நிறுத்தியுள்ள இடத்தின் ஊடே குறுக்கு வழியாக நடத்தல் ஆகாது. வெளியே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தால் பேச வரலாம். கதவு மூடியிருந்தால் அவரை அவர் போக்கில் விட்டுவிட வேண்டும். வேலியும் சுவரும் இல்லாத இடத்தில் நாகரிகமே வேலியாக நிற்கிறது.

1966 ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. வீட்டு வண்டிப் பயணிகளுக்காக அமெரிக்காவில் அந்நாளில் வெளிவந்துகொண்டிருந்த 'டிரெய்லர் லைஃப்' என்னும் இதழுக்கு, யூட்டா மாநிலத்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதினார். வழியில் பழுதாகி நிற்கும் சக பயணிக்கு உதவ மனமுள்ளவர்கள், தம் வண்டியில் ஓர் அடையாளச் சீட்டை ஒட்டிக்கொள்ளலாமே என்பது அவருடைய யோசனை. அதிலிருந்து 'குட் சாம்' என்னும் சங்கம் பிறந்தது. வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய சமாரியனைப் பற்றிய கிறிஸ்தவ மறையின் கதையிலிருந்து எடுத்த பெயர் அது. பிற்காலத்தில் அச்சங்கம் காப்பீடும் பிற சேவைகளும் விற்கும் பெரும் வணிக அமைப்பாக மாறிவிட்டது. எனினும் அதன் பிறப்பு, ஒரு வாசகரின் கடிதத்திலும் வண்டியில் ஒட்டிய ஒரு சீட்டிலும்தான்.

அந்தச் சீட்டு சொன்னதைத்தான் உயர்த்திய கையும் சொல்கிறது: "உம்மை நான் பார்த்தேன். நீர் வழியில் நின்றுபோனால், நான் நிற்காமல் போகமாட்டேன்."

முகமன் உறவாகும் விதம்

வெள்ளி போல் பளபளக்கும் 'ஏர்ஸ்ட்ரீம்' இழுவை வண்டிகளை உருவாக்கியவர் வாலி பையாம். 1955 இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இவ்வண்டியினரின் சங்கம் அமைந்தது. 1959 இல் ஏறத்தாழ நாற்பது வண்டிகள் ஆப்பிரிக்காவின் தென்கோடியான கேப்டவுனிலிருந்து புறப்பட்டு, கண்டத்தின் குறுக்கே சென்று, 1960 இல் கெய்ரோவை அடைந்தன. ஒரு வண்டி சேற்றில் சிக்கினால் மற்ற வண்டியினர் விட்டுச் செல்லாத ஒற்றுமை இல்லையேல், அப்படியொரு பயணம் கைகூடியிருக்குமா? அச்சங்கத்தின் உறுப்பினர் தம் வண்டியின் மீது சிவப்பு எண்களைப் பொறித்துக்கொள்வர். அந்த எண்ணைக் கொண்டு உறுப்பினர் ஏட்டில் பார்த்தால் இன்னார் என்று தெரிந்துவிடும். முன்பின் அறியாத உறுப்பினருக்குத் தம் வீட்டு முற்றத்தில் ஓரிரவு வண்டியை நிறுத்த இடம் தருவதும் அவர்களிடையே வழக்கம்.

இதைவிட நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. ஓய்வு பெற்றபின் வீட்டை விற்றுவிட்டு, வண்டியிலேயே ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள் பலர். அவர்களுக்காக ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதியர் 1978 இல் 'எஸ்கேப்பீஸ்' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். நிலையான முகவரி இல்லாதவர்களுக்கு டெக்ஸாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரில் ஒரு முகவரி தந்து, கடிதங்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பி வைக்கும் பணியை அது மேற்கொண்டது.

ஆனால் காலம் யாருக்காகவும் நிற்பதில்லை அன்றோ? கணவருக்குப் பார்வை மங்குகிறது. மனைவிக்கு மூட்டு வலி. இருவரில் ஒருவர் மறைந்துவிடுகிறார். வீடு விற்றாகிவிட்டது, பிள்ளைகளோ ஆளுக்கொரு மாநிலத்தில். இனி எங்கே போவது? இவ்வினாவுக்கு விடையாக, லிவிங்ஸ்டனிலேயே ஒரு பராமரிப்பு நிலையம் ஏற்படுத்தப்பட்டது. முதியவர் தம் சொந்த வண்டியைவிட்டு இறங்க வேண்டியதில்லை. அதை அங்கே நிறுத்திக்கொண்டு, உணவும் பகல்நேரப் பராமரிப்பும் பெற்று வாழலாம். சாலையில் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொண்டவர்கள், சாலையில் இனிச் செல்ல இயலாதவரைக் கைவிடவில்லை.

குறைந்து வரும் கைகள்

இந்த வழக்கம் இன்று தேய்ந்து வருகிறது என்னும் மனக்குறை பழைய பயணிகளிடம் உண்டு. நோய்த் தொற்றுக் காலத்தை ஒட்டி, 2021 ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு வண்டிகள் வெளிவந்தன. நாளுக்கு ஒரு வண்டியை எதிரே கண்டபோது உயர்ந்த கை, நிமிடத்துக்கு ஒரு வண்டியைக் காணும்போது சோர்ந்துவிடுகிறது. ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து வருபவருக்கு இப்படியொரு வழக்கம் இருப்பதே தெரிவதில்லை.

இவை எளிதில் மன்னிக்கத்தக்கவை. இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. அதுதான் வருத்தத்துக்கு உரியது. மாளிகை போன்ற பேருந்தில் செல்லும் செல்வர், பழைய வேனில் வருபவரைக் கண்டும் காணாதவர் போல் கடந்துவிடுகிறாராம். வேன்காரரோ, "அவர் முதலில் கையசைக்கட்டும்" என்று காத்திருந்து, பிறகு தாமும் கையசைப்பதை நிறுத்திவிடுகிறாராம்.

இவ்விடத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்ட ஸலாமின் ஒழுங்கு நினைவுக்கு வராமல் இராது. வாகனத்தில் செல்பவர் நடந்து செல்பவருக்கு முதலில் ஸலாம் உரைக்க வேண்டும். நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கு உரைக்க வேண்டும் என்பது நாம் சிறு வயதிலேயே அறிந்தது. உயரத்தில் இருப்பவர்தாம் முதலில் இறங்கி வர வேண்டும். வாகனம் தரும் செருக்கை வாகனத்தில் ஏறியவரே களைந்துகொள்ள இதைவிட எளிய மருந்து உண்டோ?

ஒரு பெயரே முகமனான கதை

முதலில் நாம் கண்ட அரிசோனாப் பாலைக்கே திரும்புவோம். அங்கே குவார்ட்சைட் என்று ஒரு சிற்றூர். ஊரில் நிலையாக வாழ்பவர் ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு பேர்தாம். ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால், வடபுலத்துப் பனிக்கு அஞ்சி வரும் வீட்டு வண்டிகளால் சுற்றியுள்ள பாலை நிலம் நகரமாகிவிடும். பெருஞ்செல்வரின் பேருந்தும் அங்கே நிற்கும். 2008 இன் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டை இழந்து, வேனையே வீடாக்கிக்கொண்டவரின் வண்டியும் அங்கே நிற்கும். இத்தகையோரின் வாழ்வை ஜெசிக்கா புரூடர் 2017 இல் வெளியான 'நோமட்லேண்ட்' என்னும் நூலில் பதிவு செய்தார். மாலையில் நெருப்பு மூட்டிச் சுற்றி அமரும் நாடோடிக்கு, "வாருங்கள், அமருங்கள்" என்னும் ஒரு சொல் பொழுதுபோக்கு அன்று. அதுவே அவருக்குச் சுற்றமும் ஊரும்.

அவ்வூரின் இடுகாட்டில், உச்சியில் செப்பு ஒட்டகம் பொருத்திய ஒரு சிறிய கற்கோபுரம், பிரமிடு வடிவில் நிற்கிறது. அதன் கீழ் அடங்கியிருப்பவர் ஹாஜி அலி. பாலைவனத்தில் சுமை ஏற்றிச் செல்ல அமெரிக்க இராணுவம் 1856 இல் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றைப் பழக்கி ஓட்டுவதற்காக உஸ்மானியப் பேரரசின் நிலப்பகுதிகளிலிருந்து வந்தவர்களுள் ஒருவர் அவர். 1857 இல் எட்வர்ட் பீல் என்பவரின் தலைமையில், நியூ மெக்ஸிகோவிலிருந்து கொலராடோ ஆறு வரை வண்டிப்பாதை காணச் சென்ற குழுவில் அந்த ஒட்டகங்கள் சுமை தாங்கின. புகழ்பெற்ற 66 ஆம் எண் நெடுஞ்சாலை, அரிசோனாவின் வடபகுதியில் பெரும்பாலும் அத்தடத்தை ஒட்டியே பிற்காலத்தில் அமைந்தது. இன்றைய வீட்டு வண்டிகள் ஓடும் வழியில் அன்று நடந்தவை ஒட்டகங்கள்!

'ஹாஜி அலி' என்று சொல்ல வராத அமெரிக்கர், அவரை 'ஹை ஜாலி' என்று அழைத்தனர். 'ஹை' என்பது அந்நாட்டார் ஒருவரையொருவர் கண்டவுடன் கூறும் முகமன். பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் அந்த அந்நியருக்கு ஒரு வாழ்த்தும் சேர்ந்தே கிடைத்தது. 1902 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் அவர் காலமானார். 1935 இல் அந்நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அதில் பொறித்த வாசகம் அவ்விடத்தைக் கல்லறை என்று கூறவில்லை. அவருடைய கடைசி முகாம் என்றே கூறுகிறது.

வாசகர்களே! நமக்கு வீட்டு வண்டி இல்லாதிருக்கலாம். ஆயினும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம்; ஒரே கடையில் வரிசையில் நிற்கிறோம்; எதிர்வீட்டு முதியவரின் முகத்தை நாள்தோறும் பார்க்கிறோம். அவருக்கு நாம் முகமன் கூறி எத்தனை நாளாயிற்று? அவர் கதவு இரண்டு நாள் திறக்கவில்லையென்றால் நமக்குத் தெரியவருமா? முகமன் கூறிப் பழகியவருக்கே அது தெரியவரும்.

நாம் அனைவரும் வழிப்பயணிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசி முகாம் காத்திருக்கிறது. அதுவரை, எதிரே வருபவரைக் கண்டால் நம் கை முதலில் உயரட்டும்.