சின்னத் தட்டு செய்த குற்றம் என்ன?

தோற்றுப்போனவனை முட்டாள் என்று சொல்லிவிடுவது நமக்கு வெகு சுலபமாக வருகிறது. மனிதர்கள் விஷயத்தில்தான் இந்தப் புத்தி என்று நினைத்திருந்தேன். யந்திரங்களையும் நாம் விட்டுவைப்பதில்லை.

சமீபத்தில் நாலு சிநேகிதர்கள் கூடிய இடத்தில் பேச்சு எப்படியோ பழைய பாட்டுப் பெட்டிகளின் பக்கம் திரும்பிற்று. "சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடுகிற சாமானுக்குள் போய் ஒரு தட்டையும் மோட்டாரையும் வைத்தான் பாருங்கள்! கீழே விழுந்தால் போச்சு. எப்பேர்ப்பட்ட அசட்டுத்தனம்!" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். ஐபாட் முதலிய சாதனங்களுக்குள் ஒரு காலத்தில் இருந்த குட்டி ஹார்ட் டிஸ்கைத்தான் அவர் சொன்னார். அவர் ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். இன்று இதுவே பொது அபிப்பிராயமாகிவிட்டது. இந்தச் சிரிப்பினால் லாபம் அடைகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பது என் கட்சி. ஆகவே இறந்துபோன பிரதிவாதிக்காக நான் வக்காலத்து வாங்குகிறேன்.

பிரதிவாதியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கேளுங்கள். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்கை வெளியே கொண்டுவந்தது. ஒவ்வொரு தட்டும் 24 அங்குல விட்டம். அப்படி 50 தட்டுகளை ஓர் அச்சில் கோத்து நிறுத்தியிருந்தார்கள். எடை ஏறக்குறைய ஒரு டன். அத்தனை இரும்பும் சேர்ந்து சுமந்தது 50 லட்சம் எழுத்துக்கள். தமிழில் பெரிய நாவல் ஒன்றுக்கு ஐந்தாறு லட்சம் எழுத்து என்று கணக்குப் போட்டால், எட்டுப் பத்து நாவலோடு சரி. 1999-ல் அதே கம்பெனி "மைக்ரோடிரைவ்" என்று ஒன்றை விற்றது. தட்டு 1 அங்குலம். மொத்த எடை 16 கிராம். தீப்பெட்டியின் நீள அகலம், கனத்தில் அதில் பாதிகூட இல்லை. கொள்ளளவு 340 மெகாபைட். பழைய ராட்சசனைப் போல அறுபது எழுபது மடங்கு! இந்த 43 வருஷத்து உழைப்புக்குப் பெயர் அசட்டுத்தனம் என்றால், கெட்டிக்காரத்தனத்துக்கு நாம் வேறு வார்த்தை தேட வேண்டும்.

விழுந்தால் போச்சு என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியாதா? 1992-லேயே ஹ்யூலெட்-பாக்கார்டு கம்பெனி 1.3 அங்குலத் தட்டில் 20 மெகாபைட் கொள்ளும் "கிட்டிஹாக்" என்ற குட்டி டிஸ்கை விற்றது. அதிர்ச்சியை உணருகிற கருவி ஒன்றை அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதைப் பொருத்திக்கொள்வதற்கான கையடக்கக் கம்ப்யூட்டர்கள் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. 1994-ல் கடையைக் கட்டினார்கள். மாப்பிள்ளை வந்து சேராததற்குப் பெண்ணைக் குற்றம் சொல்கிற ஊர்தானே இது!

பிறகு மாப்பிள்ளை வந்தார். 2001 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி ஐபாடை அறிமுகம் செய்தபோது அதற்குள் இருந்தது தோஷிபாவின் 1.8 அங்குல டிஸ்க், 5 ஜிகாபைட். அதற்கு முன் சந்தைக்கு வந்த சட்டைப்பை அளவுப் பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் 32, 64 மெகாபைட் என்று சில்லறை நினைவுதான். பத்து இருபது பாட்டுக்கு மேல் போகாது. ஐபாடில் ஆயிரம் பாட்டு. ஒரு வீட்டுக் கச்சேரிப் பெட்டகம் முழுவதும் சட்டைப்பையில்! அன்றைக்கு இதைச் சாத்தியமாக்கியது அந்தச் சுழலும் தட்டுதான். மோட்டார் மின்சாரம் தின்னுமே என்றால், அதற்கும் யுக்தி செய்தார்கள். 32 மெகாபைட் தற்காலிக நினைவில் இருபது நிமிஷத்துப் பாட்டை ஒரேயடியாக வாரி வைத்துக்கொண்டு தட்டு தூங்கப் போய்விடும். பாட்டு கேட்கிறவர் ஓடினாலும் குதித்தாலும் பெரும்பாலான நேரம் அது தூக்கத்தில்தான் இருந்தது. 2004-ல் 1 அங்குல டிஸ்கோடு ஐபாட் மினி வந்தது. அதே ஆண்டில் தோஷிபா 0.85 அங்குலத் தட்டை அறிவித்தது. ஏறக்குறைய நம் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். உலகத்திலேயே சிறிய ஹார்ட் டிஸ்க் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிற்று.

இப்படிச் சொல்வதால் அதற்கு எல்லையே இல்லை என்று நான் வாதிப்பதாக எண்ண வேண்டாம். எல்லை இருந்தது. நான் பௌதிகத்தில் பண்டிதன் அல்ல. ஆனாலும் அந்த எல்லைகளைப் படித்தபோது எனக்கு அதன்மேல் மரியாதை கூடிற்றே ஒழியக் குறையவில்லை. தட்டின்மேல் எழுத்தைப் படிக்கிற தலை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலுகிற வேகத்தில் கிளம்புகிற காற்றின்மேல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில், மிதந்துகொண்டிருக்கிறது. காற்று மெலிந்துவிட்டால் மிதக்க முடியாது. அதனால்தான் இந்த டிஸ்குகளை 10,000 அடிக்கு மேல் இயக்காதீர்கள் என்று செய்தவர்களே எழுதி வைத்தார்கள். லடாக்கில் படம் எடுக்கப் போகிறவர் காமிராவில் மைக்ரோடிரைவைப் போட்டுக்கொண்டு போனால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

அதைவிடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். தட்டின் விட்டத்தைப் பாதியாக்கினால் எழுதுகிற பரப்பு பாதியாகாது, காலாகிவிடும். மோட்டார், அச்சு, கை, தலை, காந்தம் இவற்றின் விலையோ காலாக மறுக்கிறது. தட்டில் எவ்வளவு குறைவாக எழுதினாலும் இந்தப் பரிவாரம் முழுவதற்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஃப்ளாஷ் மெமரிக்கு அப்படியில்லை. அது காய்கறிக் கடை மாதிரி. கால் கிலோவும் வாங்கலாம், அரைக் கிலோவும் வாங்கலாம். ஃப்ளாஷின் விலை வருஷா வருஷம் சரிந்துகொண்டே வந்து ஒரு நாள் 4 ஜிகாபைட்டில் தட்டைப் பிடித்துவிட்டது. 2005 செப்டம்பரில் ஆப்பிள் ஐபாட் மினியை நிறுத்திவிட்டு, தட்டே இல்லாத ஐபாட் நானோவை வைத்தது. 2006-ல் நோக்கியா 4 ஜிகாபைட் டிஸ்கோடு என்91 என்ற போனை விற்றுப் பார்த்தது. அந்த வழியில் பின்னால் ஊர்வலம் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஃப்ளாஷ் மெமரியைக் கண்டுபிடித்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் வேலை பார்த்தது வேறெங்கும் அல்ல, அதே தோஷிபாவில். உலகத்திலேயே சிறிய தட்டைப் பெற்ற வீட்டிலேயே அதன் எமனும் பிறந்திருந்தான். மசுவோகாவோ தமக்குச் சேர வேண்டியது வரவில்லை என்று 2004-ல், அந்தத் தட்டு அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே, கம்பெனிமேல் வழக்குப் போட்டார். 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமாதானம் ஆயிற்று. இன்னொரு பக்கம், தட்டில் எழுத்தை இத்தனை நெருக்கி எழுத வழிசெய்த காந்த விளைவைக் கண்டதற்காக ஆல்பர்ட் ஃபெர்ட்டுக்கும் பீட்டர் க்ரூன்பெர்க்குக்கும் 2007-ல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. சின்னத் தட்டு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த சமயம்! நான் கதையில் எழுதினால் "செயற்கையாக இருக்கிறது" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

சரி, செத்தது செத்ததுதானே, இப்போது எதற்கு இந்த ஒப்பாரி என்று வாசகர் கேட்கலாம். செத்த தட்டோடு கூடவே இன்னொன்றையும் நம்மை ஏமாற்றிப் புதைத்துவிட்டார்களே, அதற்காகத்தான்.

மைக்ரோடிரைவ் ஒரு கார்டு. காமிராவிலிருந்து உருவிக் கம்ப்யூட்டரில் செருகலாம். காமிரா செத்தாலும் படம் சாகாது. ஐபாடில் அவ்வளவு சுலபம் இல்லை. ஆனாலும் மூடியைத் திறந்தால் டிஸ்க் தனியாக வந்துவிடும். 2004-ல் கிரியேட்டிவ் கம்பெனியின் மூவோ-2 என்ற பாட்டுப் பெட்டிக்குள் 4 ஜிகாபைட் மைக்ரோடிரைவ் இருந்தது. அந்த டிஸ்கைத் தனியாக வாங்குவதைவிடப் பெட்டியோடு வாங்குவது மலிவாக இருந்ததால், புகைப்படக்காரர்கள் பெட்டியை வாங்கி உடைத்து டிஸ்கை எடுத்துக் காமிராவில் போட்டுக்கொண்டார்கள். தேங்காயை உடைத்துப் பருப்பை எடுத்துக்கொள்வது போல! பெட்டி வேறு, நினைவு வேறு என்ற தெளிவு அன்றைக்கு இருந்தது.

இன்றைக்கு என்ன நிலை? என் சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சுற்று வட்டாரக் கிழவிகளிடம் போய் உட்கார்ந்து தாலாட்டும் ஒப்பாரியும் பாடச் சொல்லி நாலு வருஷமாகத் தம் போனில் பதிந்து வைத்திருந்தார். போன வருஷம் மழையில் போன் நின்றுவிட்டது. பாடியவர்களில் மூவர் இப்போது இல்லை. அவரையும் அழைத்துக்கொண்டு நான் பழுதுபார்க்கும் இடத்துக்குப் போனேன். "போர்டு மாத்தணும் சார். மாத்தினா போன் புதுசு மாதிரி ஆயிடும். உள்ள இருந்தது வராது" என்றான் பையன், நல்ல பையன்தான். "அந்த மெமரியை மட்டும் கழற்றித் தர முடியாதாப்பா?" என்று கேட்டார் சித்தப்பா. "அது போர்டோட பத்த வச்சதுங்கய்யா. பிடுங்கினாலும் படிக்க முடியாது, பூட்டு வேற போட்டிருக்கான்." சித்தப்பா கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பூட்டு திருடனிடமிருந்து நம்மைக் காப்பதற்கு என்கிறார்கள். அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நினைவைப் போர்டோடு பற்றவைத்ததற்கும் கார்டு செருகும் இடத்தை அடைத்ததற்கும் யாரைக் காப்பது காரணம்? போன் மெலிசாக இருக்க வேண்டுமாம். விரல்நகம் அளவுள்ள கார்டில் 1 டெராபைட் 2019 முதல் கடையில் கிடைக்கிறது. அதன் கனம் 1 மில்லிமீட்டர். பல கம்பெனிகள் தங்கள் உயர்ந்த விலைப் போன்களில்தான் அந்த இடத்தை அடைத்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். அடைத்துவிட்டு, கூடுதல் நினைவு வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் கூட்டிக் கொடுத்து அடுத்த படிப் போனை வாங்கு என்கிறார்கள்.

"நகல் எடுத்து வைத்திருக்க வேண்டாமா?" என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். எங்கே வைப்பது? மேகத்தில் வை, மாதா மாதம் சந்தா கட்டு என்கிறார்கள். அந்த மேகம் வானத்தில் இல்லை. பிரம்மாண்டமான கட்டிடங்களில் இருக்கிறது. அங்கே நம் படங்களையும் பாட்டுக்களையும் பெரும்பாலும் எது சுமந்துகொண்டிருக்கிறது தெரியுமா? ஹார்ட் டிஸ்க்! அதே தட்டு, அதே மோட்டார், அதே மிதக்கும் தலை. காற்றுக்குப் பதில் ஹீலியத்தை அடைத்து, ஒரு பெட்டிக்கு 30 டெராபைட்டுக்கு மேலும் ஏற்றியிருக்கிறார்கள். நம் சட்டைப்பையில் இருந்தபோது அசடு. அவர்கள் கட்டிடத்தில் சுழன்று வாடகை சம்பாதிக்கும்போது மேகம்!

சின்னத் தட்டைத் தடுத்தவை காற்றும் கணக்கும். அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. அந்தத் தட்டு திரும்பி வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. என் பையில் இருப்பதும் ஃப்ளாஷ்தான், நன்றாகவே உழைக்கிறது. இந்தப் பற்றவைப்பு காற்றும் கணக்கும் செய்த வேலையல்ல. விற்கிறவர்கள் ஆலோசித்துச் செய்த வேலை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் செய்தது. சில விலக்குகள் போக, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை உபயோகிக்கிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பது, 2027 பிப்ரவரி முதல் அங்கே விதி. தேய்ந்துபோனால் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம், அப்படிப்பட்ட பேட்டரிக்கு அந்த மரியாதை. வேறு வாங்க முடியாத ஒரு கிழவியின் குரலுக்கு இல்லை.

இடம் விட்டால் தண்ணீர் புகுந்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். தண்ணீர் புகாத போன் என்று அவர்கள் விளம்பரம் செய்து விற்றவற்றிலேயே பலவற்றில் சிம் கார்டுக்கு ஒரு குட்டித் தட்டு இருக்கிறது, ஓரத்தில் ரப்பரோடு. ஊசியால் குத்தினால் வெளியே வரும். அந்தத் தட்டிலேயே பக்கத்தில் மெமரி கார்டுக்கும் இடம் விட்டு விற்ற போன்களும் உண்டு.