புல்லட் பிழைத்தது, பேஜ்மேக்கர் பிழைக்குமா?

எண்ணூரில் ராத்திரி ஒருவர் காலமானால், மறுநாள் எடுப்பதற்குள் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் தயாராகிவிட வேண்டும். போட்டோவைக் கொடுத்து, பெயர், வயது, துயரில் வாடும் குடும்பத்தார் யார் யார் என்று சொன்னால் போதும். டி.டி.பி. கடை அண்ணன் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். அந்த வேகத்துக்குப் பின்னால் பல கடைகளில் இன்றும் இருப்பது பேஜ்மேக்கர் 7.0. வெளிவந்த ஆண்டு 2001. அதற்கு அடுத்த பதிப்பு என்று ஒன்று வரவே இல்லை. இன்று கல்லூரியில் முதலாண்டு படிக்கிற பிள்ளைகளைவிட அந்த மென்பொருளுக்கு வயது அதிகம்!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று போகிற சாலையில் கோயில் திருவிழா நோட்டீஸ், கடை பில் புக், கல்யாணப் பத்திரிகை, மீனவர் சங்க மனு, தொழிற்சங்கத் துண்டறிக்கை எல்லாமே இப்படிப்பட்ட கடைகளில்தான் பிறக்கின்றன. கடைக்காரர்களின் கவலை ஒன்றே ஒன்று. "இந்த பழைய சிஸ்டம் போச்சுன்னா என்ன பண்றது?"

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. இரண்டுமே தப்பு.

முதல் பதில், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களுடையது. "காலத்துக்கு ஏத்த மாதிரி அப்டேட் ஆகணும் சார். இன்னும் பேஜ்மேக்கரா?" என்று ஒரு சிரிப்பு. இந்தச் சிரிப்பைப் போல எரிச்சலூட்டுவது வேறு எதுவும் இல்லை. ஏனென்றால் இது சோம்பேறித்தனத்தால் வந்த சிக்கலே கிடையாது.

பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது. அதனால் தமிழ் ஃபாண்ட் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். பாமினி ஃபாண்டில் ‘அம்மா’ என்று அடித்தால், கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற அம்மா வெறும் வேஷம். ஃபாண்டை எடுத்துவிட்டால் அம்மா காணாமல் போய்விடுவாள். இதில் இன்னொரு கூத்து, ஒவ்வொரு கம்பெனி ஃபாண்டுக்கும் ஒவ்வொரு இடம். பாமினியில் அடித்ததை ஸ்ரீலிபியில் திறந்தால் வாய்க்குள் நுழையாத எழுத்துக் குப்பைதான் வரும்.

இதைச் சரிசெய்ய முயற்சியே நடக்கவில்லையா? நடந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. இணையத்தில் இருந்தவர்கள் பலர் டிஸ்கி என்ற இன்னொன்றை வைத்துக்கொண்டார்கள். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யுனிகோடும் டேஸ் 16-ம்தான் தரம் என்று அரசாணை வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அரசு அலுவலகங்களிலேயே வானவில் அவ்வையார் ஃபாண்டில்தான் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. அரசாணை போட்ட அரசே மாறவில்லை. ஒற்றை அறைக் கடையில் ஒற்றை கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன் மட்டும் உடனே மாறியிருக்க வேண்டுமாம். நல்ல நியாயம்!

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். பேஜ்மேக்கரின் இடத்துக்கு அடோபி கொண்டுவந்தது இன்டிசைன். 2013-க்குப் பிறகு அடோபியின் புதிய பதிப்புகளை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்க முடியாது. சந்தா கட்ட வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் கதவு சாத்தப்படும். கடைக்கு வாடகை, கரன்ட்டுக்கு பில், இதில் மென்பொருளுக்கும் ஒரு வாடகை. பல கடைகளில் ஓடும் பேஜ்மேக்கர் காசு கொடுத்து வாங்கிய பிரதி இல்லை என்பதும் ஊரறிந்த ரகசியம்தான். அதை நியாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நோட்டீஸ் அடித்துப் பிழைப்பவருக்கு மாதச் சந்தா எப்படிக் கட்டுபடியாகும் என்ற கேள்விக்கு, அந்தச் சிரிப்பு பதிலாகிவிடாது.

சரி, இரண்டாவது பதிலுக்கு வருவோம். இது கடைக்காரர்களே சொல்வது. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

வடசென்னைக்காரர்களுக்கு இந்தத் தைரியம் வந்ததில் ஆச்சரியமில்லை. பழைய இயந்திரத்தைச் சாகவிடாமல் வைத்திருப்பது இந்த மண்ணின் குணம். பெரிய உதாரணம் திருவொற்றியூரிலேயே இருக்கிறது. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி செத்துப்போனது. திருவொற்றியூரில் புல்லட் நிற்கவே இல்லை. பெற்ற தாய் போன பிறகும் பிள்ளை இங்கே வளர்ந்தது.

அப்படியானால் பேஜ்மேக்கரும் பிழைக்கும்தானே? பிழைக்காது. வித்தியாசம் இங்கேதான். 1957-லேயே உதிரி பாகம் செய்யும் கருவிகள் சென்னைக்கு விற்கப்பட்டுவிட்டன. அதனால் பாகங்களை இங்கேயே செய்ய முடிந்தது. தாய்க் கம்பெனி மூடினாலும் வண்டி செய்யும் வித்தை கையில் இருந்தது. பேஜ்மேக்கரின் மூல நிரல் யார் கையில் இருக்கிறது? 1985-ல் ஆல்டஸ் கம்பெனி வெளியிட்டது. 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. நிரல் அவர்கள் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்ய உலகத்திலேயே சிறந்த கெட்டிக்காரர் எண்ணூரில் இருந்தாலும் கை வைக்க முடியாது. இரும்புக்கு லேத் பட்டறை உண்டு. பூட்டிய மென்பொருளுக்கு எந்தப் பட்டறையும் கிடையாது.

இதற்கு நடுவில் கீழே இருக்கிற தரையும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. எண்ணூர்க்காரர்களுக்கு இன்னும் இரண்டு எதிரிகள் கூடுதல். ஒன்று உப்புக்காற்று. இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் பார்த்தவர்களுக்கு, மேஜைக்கு அடியில் தரையில் இருக்கும் சி.பி.யு. எந்தக் கதிக்கு ஆளாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஓடுற வரைக்கும் ஓடும்தான். நிற்கிற நாளைச் சொல்லிவிட்டு நிற்காது.

இங்கேதான் இரண்டு பதில்களும் கோட்டை விடுகின்றன. இரண்டு பேருமே மென்பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். உள்ளே இருக்கிற எழுத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். 30,000 ரூபாய்க்கு வாங்கிய சிஸ்டம், குறைந்து செல் மதிப்பு முறையில் பத்தாண்டு கழித்துப் புத்தகத்தில் 181 ரூபாய். மொத்த மதிப்பும் அவ்வளவுதான் என்று ஏடு சொல்லும். அதற்குள் இருக்கும் இருபது வருட ஃபைல்களுக்கு எந்தப் பக்கத்திலும் பதிவே கிடையாது. சொத்துக்குத் தேய்மானம் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஞாபகத்துக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

அந்த ஃபைல்களில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். எண்ணூரில் நிறைய இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கழிவு கலப்பதைப் பற்றிய மனுக்கள், 2017 ஜனவரி எண்ணெய்க் கசிவுக்கு நிவாரணம் கேட்ட மனுக்கள், 2023 டிசம்பர் எண்ணெய்ப் படலத்துக்கு எழுதியவை, பட்டா கோரிக்கைகள், எந்தத் தேதியில் யாருக்கு என்ன எழுதினார்கள் என்ற வரலாறு. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த கழிமுகம் பின்னால் காட்டிய வரைபடத்தில் காணவில்லை என்று மீனவர்கள் குரல் எழுப்ப வேண்டியிருந்த ஊர் இது. பழைய காகிதம் ஒன்று கையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தாள் கரையானுக்குப் போய்விட்டால், மிச்சம் இருப்பது அந்த டி.டி.பி. கடை ஹார்டு டிஸ்க்தான்.

"பி.டி.எஃப். எடுத்து வெச்சிருக்கோமே" என்று சொல்பவர்களுக்கு: அந்த பி.டி.எஃப்.-ல் ‘கொசஸ்தலை’ என்று தேடிப் பார்க்கலாம். கிடைக்காது. உள்ளே இருப்பது இன்னமும் அந்த ஆங்கில எழுத்துக் குப்பைதான். பார்க்கலாம், படிக்கலாம். தேட முடியாது, நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்ட முடியாது.

உலகம் முழுக்க இந்தக் கதை ஏற்கெனவே நடந்ததுதான். யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியது. 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்களையும் மூடியது. எடுத்து வைத்தவர்கள் தப்பித்தார்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றவர்களின் எழுத்து போனது போனதுதான். அங்கே முன்கூட்டியே தேதியாவது சொன்னார்கள். ஹார்டு டிஸ்க் தேதி சொல்லாது.

வழி இருக்கிறது, அதுவும் காசில்லாமல். லிப்ரே ஆபீஸ் 2015-லிருந்தே பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம், எழுத்து வந்துவிடும். பழைய ஃபாண்டை யுனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. விரல் பழக்கம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றில் அதே பழைய டைப்ரைட்டர் முறையில் யுனிகோடு அடிக்கலாம். ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்புகளில் யுனிகோடு தமிழில் பக்கம் கட்டலாம். அதன் மூல நிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். புல்லட்டுக்குக் கருவிகள் வந்து சேர்ந்த மாதிரி!

பேஜ்மேக்கரை இன்றே தூக்கிப் போடத் தேவையில்லை. நோட்டீஸ் அதிலேயே ஓடட்டும். ஆனால் முக்கியமான எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும், இயந்திரம் உயிரோடு இருக்கும்போதே. அந்தச் செலவையும் உழைப்பையும் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். மனு அடிக்கக் கொடுத்த சங்கம், மலர் போட்ட பள்ளி, கும்பாபிஷேகப் பத்திரிகை அடித்த கோயில் கமிட்டி எல்லோரும் போய் "அண்ணா, எங்க ஃபைலை யுனிகோடுல மாத்திக் குடுங்க" என்று கேட்டு, அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும். ஒரு பென்டிரைவ் போதும். அரசாணை போட்டுவிட்டுச் சும்மா இருந்த அரசு, இந்தச் சின்னக் கடைகளுக்கு வார்டுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தினால் குறைந்துபோக மாட்டார்கள். கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமில் ஒரே சுவருக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பதற்குப் பதில், ஒரு கடையின் பழைய ஃபைல்களை மாற்றிக் கொடுக்கலாம் :-)

ஊரில் யார் செத்தாலும் அந்தக் கடை நோட்டீஸ் அடித்துவிடும். அந்தக் கடையின் கம்ப்யூட்டர் செத்தால் நோட்டீஸ் அடிக்க ஆளில்லை. அதற்கு முன்னால் எழுத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்.