குழந்தையின் மடியில் சிங்கக் குட்டி

‘மியா அண்ட் தி ஒயிட் லயன்’, 2018 டிசம்பரில் பிரான்ஸில் வெளியான குடும்பப் படம். லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கச் சிங்கப் பண்ணைக்குக் குடிபெயர்ந்த சிறுமி மியா, அங்கே பிறந்த சார்லி என்ற வெள்ளைச் சிங்கக் குட்டியோடு வளர்கிறாள். மூன்று ஆண்டுகளில் குட்டி முழுச் சிங்கமாகிவிடுகிறது. பண்ணைச் சிங்கங்கள் வேட்டைக்காரர்களுக்கு விற்கப்படுவது தெரியவந்ததும், சார்லியைக் கூட்டிக்கொண்டு டிம்பவாட்டி காட்டை நோக்கி ஓடுகிறாள். துப்பாக்கியைப் படம் கண்டிக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், பெற்றோர் பிள்ளைகளைத் திரையரங்குக்கு அழைத்துப்போனது சிங்கத்தின் பிடரியில் முகம் புதைத்துக்கொள்ளும் சிறுமியைப் பார்க்கத்தான். தென்னாப்பிரிக்கச் சிங்க வியாபாரத்தின் முதல் படியும் அந்தக் காட்சிதான்.

அந்த வியாபாரத்தை முடிவுக்குக் கொண்டுவரும் கொள்கையை அந்நாட்டு அமைச்சரவை 2024 மார்ச்சில் ஏற்றது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா கிரீசி 2019இல் அமைத்த உயர்நிலைக் குழு, கூண்டுச் சிங்கங்களால் வனப் பாதுகாப்புக்குப் பயனில்லை, நாட்டின் பெயர்தான் கெடுகிறது என்று 2021 மே மாதமே சொல்லிவிட்டது. சொன்னதை ஏற்கக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். ஏற்ற பிறகும் முதல் வழியாக முன்வைக்கப்படுவது, பண்ணையாளர்கள் தாங்களாக விரும்பித் தொழிலைவிட்டு விலகும் திட்டம். லாபம் வரும் தொழிலை விரும்பி விடுபவர் யார் என்று கொள்கை வகுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

தொழில் நடக்கும் முறை எளியது. பெண்சிங்கம் ஏறக்குறைய 110 நாள் சினையாக இருந்து குட்டி ஈனும். காட்டில் குட்டிகள் இரண்டு வயதுவரை தாயை ஒட்டியே திரியும்; அப்படித் திரியும்வரை தாய் பெரும்பாலும் அடுத்த ஈற்றுக்குத் தயாராவதில்லை. பண்ணையாளருக்கு இந்த இடைவெளி நட்டக் கணக்கு. எனவே, பிறந்த சில நாட்களிலேயே குட்டிகளைப் பிரித்துவிடுகிறார்கள். சில வாரங்களில் தாய் மறுபடி பருவத்துக்கு வருகிறது. பிரித்த குட்டிக்குப் புட்டிப்பால் புகட்ட ஆள் வேண்டுமே. அதற்கு வெளிநாட்டு இளைஞர்கள் தங்கள் பணத்தைக் கட்டிக்கொண்டு, தன்னார்வலர் என்ற பெயரில் வந்து சேர்கிறார்கள். தாயில்லாக் குட்டிகள் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. பொய்யில்லை, தாயைப் பறித்தது யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

சுற்றுலாப் பயணி குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளக் கட்டணம். ஆறு மாதம் தாண்டினால் நகமும் பல்லும் முற்றிவிடும். பிறகு ‘சிங்கத்தோடு நடை’, அதற்கும் கட்டணம். வளர்ந்த விலங்கு ஒன்று இனப்பெருக்கத்துக்குப் போகும், அல்லது வேலியிட்ட நிலத்தில் வேட்டைக்கு நிறுத்தப்படும். புட்டிப்பாலில் வளர்ந்த சிங்கத்துக்கு மனிதரைக் கண்டு விலகத் தெரியாது. சுடுபவருக்கு வேலை மிச்சம். கடைசியில் எலும்பு, புலி எலும்புக்கு மாற்றாகத் தென்கிழக்கு ஆசியச் சந்தைக்குக் கப்பலேறும். 2017இல் 800 எலும்புக்கூடுகளுக்கு அரசே ஏற்றுமதி ஒதுக்கீடு தந்தது. 2018இல் 1,500 என்று அறிவித்தது. விலங்குகளின் நலனைக் கருதாமல் முடிவான அந்த இரு ஒதுக்கீடுகளும் சட்டவிரோதம் என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

எல்லாவற்றையும்விட உறுத்துவது ஒரு கணக்கு. தென்னாப்பிரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அடைபட்டிருக்கும் சிங்கங்கள் குறைந்தது 8,000. 12,000 வரை இருக்கலாம் என்பாரும் உண்டு. அந்நாட்டுக் காடுகளில் உள்ளவை அதிகம் போனால் 3,500. குறைந்த கணக்கை எடுத்தாலும், காட்டில் ஒன்றுக்குக் கம்பிவேலிக்குள் இரண்டு. இதனருகே குஜராத்தின் கிர் காட்டை வைத்துப் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்ட ஆசியச் சிங்கம், 2020 கணக்கெடுப்பில் 674, 2025இல் 891. எந்தக் குழந்தையும் அதற்குப் புட்டிப்பால் புகட்டவில்லை. எந்தச் சுற்றுலாப் பயணியும் அதன் குட்டியை மடியில் கிடத்தவில்லை. காடும் இரையும் கிடைத்தன, சிங்கம் பெருகியது. ஓர் இனம் முழுவதற்கும் கிர் பகுதியில் இருப்பதைப்போல ஒன்பது மடங்கு சிங்கங்களைப் பண்ணைகளில் வைத்திருக்கும் நாடு, அவற்றில் ஒன்றையேனும் காட்டுக்கு நம்பி அனுப்ப முடியாத நிலையில் இருக்கிறது. சிங்கப் பண்ணை வனவிலங்கைக் காக்கிறது என்ற வாதத்துக்கு இதற்குமேல் மறுப்பு தேவையில்லை.

வெள்ளைச் சிங்கம் இன்னும் மோசமான கதை. அந்த நிறம் ஒடுங்கு மரபணு ஒன்றின் விளைவு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். டிம்பவாட்டி பகுதியில் 1975இல் அதைக் கண்டு பதிவுசெய்தார்கள். காட்டில் அது எப்போதோ ஒருமுறை பிறக்கும் அதிசயம்; பண்ணையிலோ இரத்த உறவுக்குள்ளேயே இணைசேர்த்து உண்டாக்கும் சரக்கு. படத்தின் சுவரொட்டிக்கு வேண்டியதும் அந்த நிறம்தான்.

ஜில் டி மேஸ்த்ர் இயக்கிய இப்படம், கணினி வரைகலை இல்லாமல் உண்மையான சிங்கத்தோடு எடுக்கப்பட்டதையே பெருமையாக விளம்பரப்படுத்தியது. நடித்த சிறுமி தனியா டி வில்லியர்ஸும் சிங்கமும் மூன்று ஆண்டுகள் சேர்ந்து பழக்கப்படுத்தப்பட்டார்கள். பழக்கியவர், சிங்கங்களோடு கட்டிப்புரளும் காணொளிகளால் பெயர்பெற்ற கெவின் ரிச்சர்ட்சன். பண்ணை வியாபாரத்தை எதிர்ப்பவர்தான் அவர். ஆனால், படம் வெளிவருவதற்குப் பத்து மாதம் முன், 2018 பிப்ரவரியில், டினோகெங் காப்பகத்தில் அவர் தன் சிங்கங்களைத் திறந்தவெளியில் நடத்திச் சென்றபோது, அங்கிருந்த முகாமுக்கு வந்திருந்த 22 வயதுப் பெண்ணை அவற்றில் ஒன்று கொன்றது. சிங்கங்களை அவரைவிட நன்றாக அறிந்த பழக்குநரைக் காட்டுவது கடினம். அவருக்கே கட்டுப்படாத விலங்கைப் பத்து வயதுப் பிள்ளைக்கு உற்ற தோழனாகக் காட்டுகிறது திரை.

இது முன்பு நடக்காததும் அல்ல. கென்யாவில் எடுக்கப்பட்ட சிங்கப் படமான ‘பார்ன் ஃபிரீ’ 1966இல் வந்தது. நடித்த சிங்கங்களில் மூன்றை மட்டுமே வனவிலங்குப் பாதுகாவலர் ஜார்ஜ் ஆடம்சனால் காட்டு வாழ்வுக்குப் பழக்க எடுத்துச்செல்ல முடிந்தது. மற்றவற்றில் பல விலங்குக் காட்சிசாலைகளுக்குப் போயின. அந்த மூன்றில் ‘பாய்’ என்ற ஆண்சிங்கம் 1971இல் ஆடம்சனின் உதவியாளரைக் கொன்றது. ஆடம்சனே அதைச் சுட வேண்டியதாயிற்று. முதன்மை வேடங்களில் நடித்த வர்ஜீனியா மெக்கென்னாவும் பில் டிராவர்ஸும் பாடம் கற்றுக்கொண்டு, பிற்காலத்தில் விலங்குகளை அடைத்துவைப்பதற்கு எதிராக அமைப்பே நடத்தினார்கள். திரைத்துறைதான் கற்கவில்லை. மேஸ்த்ர் 2021இல் ஓநாயையும் சிங்கத்தையும், 2024இல் கறுப்பு ஜாகுவாரையும், 2025இல் பாண்டாவையும் வைத்து அதே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துவிட்டார்.

இத்தகைய படங்கள் பிள்ளைகளுக்கு விலங்குநேசத்தை ஊட்டுகின்றன என்பது வழக்கமான சமாதானம். ஊட்டுகின்றன, அந்த நேசத்தோடு விமானம் ஏறி வருபவர்தான் குட்டியைத் தடவக் கட்டணம் செலுத்துகிறார். பண்ணைத் தொழிலாளரின் பிழைப்பு என்னாகும் என்று பண்ணையாளர் சங்கங்கள் கேட்பதில், தொழிலாளரைவிட முதலாளியின் கவலையே அதிகம் கேட்கிறது. 24 மாதமாவது சுதந்திரமாகத் திரிந்த பிறகே வேட்டையாடலாம் என்ற விதியைக்கூடப் பொறுக்காமல், நீதிமன்றம் போய் 2010இல் அதை உடைத்தவர்கள் அவர்கள்.

இந்தியாவில் இப்படியொரு படத்தை எடுக்கவே முடியாது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்காகப் பழக்கக் கூடாது என்ற 1998ஆம் ஆண்டு அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதிசெய்தது. 2011இல் காளை சேர்க்கப்பட்டு ஜல்லிக்கட்டுப் போராட்டம் வரை போனதே, அதே பட்டியல்தான். காளை விஷயத்தில் அது தவறியிருக்கலாம், சிங்கத்தைப் பொறுத்தவரை தவறவில்லை. எடுக்கத் தடை இருந்தும், வெளிநாட்டில் எடுத்ததை இங்கே குழந்தைகளுக்குக் காட்டத் தடையில்லை. உயிருள்ள காட்டு விலங்கோடு குழந்தையை நடிக்கவைத்த எந்தப் படத்துக்கும் ‘யு’ சான்றிதழ் தரக் கூடாது. தென்னாப்பிரிக்காவும் விருப்ப விலகலைக் கைவிட்டு, பிறந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதை முதலில் குற்றமாக்க வேண்டும். குட்டி தாயிடமே இருந்தால் மடியில் வைக்கக் குட்டியில்லை, நடக்கச் சிங்கமில்லை. சில ஆண்டுகளில் சுடுவதற்கும் எலும்பெடுப்பதற்கும் ஒன்றும் மிஞ்சாது.