யானைகளின் பாதையில் நம் சாலை

பேராக் மாநிலத்தின் வடகோடியில், தாய்லாந்து எல்லையைத் தொட்டுக்கொண்டு பரந்து கிடக்கிறது அரச பெலும் மாநிலப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. இஃதோ 117,500 எக்டர் பரப்புள்ள பெருங்காடு, சிங்கப்பூரைவிடப் பெரியது. 2003ஆம் ஆண்டில் 'அரச' என்னும் அடைமொழி பெற்றது. 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது.

இங்கே இலையும் தண்டும் இல்லாத ரப்லேசியா, காட்டுக்கொடியொன்றை ஒட்டி வாழ்கிறது. பல மாதங்கள் மொட்டாக இருந்து, சில நாள்களே மலர்ந்திருந்து அழுகிவிடும். மலேசியாவில் காணப்படும் பத்து வகை இருவாய்ச்சிப் பறவைகளும் பெலும், தெமெங்கோர் காடுகளில் வாழ்கின்றன. பெண்பறவை முதிய மரத்தின் பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண்பறவையே சிறு துளை வழியாக உணவூட்டும். பெருமரம் இல்லையேல் இப்பறவைக்குக் கூடு இல்லை. ஆதலால், தெற்கே தெமெங்கோர்க் காட்டில் மரம் வெட்டப்படுவதை வேறோர் இடத்துச் செய்தி என்று நாம் தள்ளிவிட இயலாது. எல்லைக்கோடு வரைபடத்தில் உண்டு. பறவைக்கு அது தெரியுமா?

இக்காடு முன்னரே நமக்காக இழந்தவை பல. 1970களில் மின்சாரத்துக்காகத் தெமெங்கோர் அணை கட்டப்பட்டது. பள்ளத்தாக்கு நீரில் மூழ்க, அங்கு வாழ்ந்த பூர்வக்குடியினர் வேறிடம் பெயர நேர்ந்தது. ஏரியில் பட்ட மரங்கள் இன்றும் தலைநீட்டி நிற்கின்றன.

பின்னர் வந்தது, கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. கம்யூனிஸ்டுகளின் தாக்குதலுக்கிடையே அமைக்கப்பட்டு 1982இல் திறக்கப்பட்ட அச்சாலையில், தொடக்க ஆண்டுகளில் பகலில் மட்டுமே வாகனங்கள் சென்றன. மனிதன் மனிதனுக்கு அஞ்சிய அக்காலத்தில், இரவுச் சாலை யானைகளுக்கு உரியதாயிருந்தது!

இன்று அப்படியில்லை. 2025 மே மாதத்தில், அன்னையர் தினத்தன்று விடியுமுன், அச்சாலையில் லோரி மோதி யானைக்குட்டி ஒன்று இறந்தது. குட்டி லோரியின் அடியில் கிடக்க, தாய் யானை அவ்விடம் விட்டு அகலாமல், லோரியின்மேல் தலையை முட்டி நின்ற காட்சியை நாடே கண்டு கலங்கியது.

கலங்கியது போதுமா? சாலையை மூடுக என்று நாம் கூறவில்லை. கிளந்தானுக்கும் பேராக்கிற்கும் அது வேண்டிய வழியே. ஆயினும், யானைகள் கடக்குமிடங்களில் இரவு வேகத்தைக் கட்டாயமாகக் குறைத்தல் வேண்டும்; தெமெங்கோர்க் காட்டுக்கும் பெலுமுக்கு நிகரான காவல் வேண்டும். விடுமுறையில் கோத்தா பாருவுக்குப் பயணம் செய்யும் பெற்றோர் அப்பகுதியைப் பகலிலேயே கடந்துவிடலாமே! வெட்டவெளியான சாலையோரத்தில் புல் செழித்து வளர்கிறது. அதை மேயவே யானைகள் இருட்டில் அங்கு வருகின்றன.