ஏறுவதைவிட இறங்குவதே பெரும்பாடு: முழங்கால் ஜவ்வும் நம் படிக்கட்டுகளும்

பத்துமலையில் மின்படிக்கட்டு அமைக்கும் திட்டத்தை ஆலய நிர்வாகம் 2025-இல் அறிவித்ததிலிருந்து வாக்குவாதம் ஓயவில்லை. 272 படிகளையும் ஏறுவதுதானே வேண்டுதல் என்கிறது ஒரு தரப்பு; முதியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறது மறு தரப்பு. முழங்கால் ஜவ்வு கிழிந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களில் பலர் முதியவர்களே அல்லர். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள், ஃபுட்சால் ஆட்டத்தில் காலைத் திருப்பியவர்கள், செம்பனைக் காட்டுச் சரிவில் வழுக்கியவர்கள்.

முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் இரு ஜவ்வுகள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கின்றன. முன் ஜவ்வு அறுந்தால், காலை ஊன்றித் திரும்பும்போது மூட்டு நழுவுவதுபோல் இருக்கும். மடங்கிய முழங்காலுக்குச் சற்றுக் கீழே பலமாக அடிபட்டால் பின் ஜவ்வு அறுகிறது. சாலை விபத்துகளில் இது அதிகம். வலிக்குப் பயந்து காலை ஊன்றாமல் இருந்தால், சில வாரங்களிலேயே தொடைத் தசை மெலிந்துவிடும்.

படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்து, கைப்பிடியைப் பற்றி எப்படியோ சமாளிக்கலாம். இறங்குவது வேறு கதை. மேல்படியில் நிற்கும் கால்தான் மடங்கிக்கொண்டே உடல் எடை முழுவதையும் மெல்லக் கீழே இறக்க வேண்டும். மெலிந்த தசையால் அது முடிவதில்லை. கால் சட்டென மடிந்துவிடும். அதனால்தான் இறங்கும்போது அடிபட்ட காலை முதலில் வைக்கச் சொல்கிறார்கள் இயன்முறை சிகிச்சையாளர்கள். மின்படிக்கட்டு மேலே மட்டும் ஏற்றிவிட்டால், இவர்களுக்குப் பாதி உதவிதான்.

பத்துமலைக்காவது போகாமல் இருக்கலாம். வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? தோட்டத்தை விட்டு வந்த பல குடும்பங்கள் வாழும் பழைய ஐந்து மாடி மலிவு வீடுகளில் மின்தூக்கியே கிடையாது. உயரமான அடுக்குமாடிகளிலோ மின்தூக்கி இருந்தும் பழுதாகிக் கிடப்பது வாடிக்கை. ஜவ்வு கிழிந்தவர் ஐந்தாம் மாடியில் இருந்தால், சிகிச்சைக்குப் போகவே அந்தப் படிகளைத்தான் இறங்க வேண்டும். இரண்டு தவணைக்குப் பிறகு பலர் போவதை நிறுத்திவிடுவதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று: வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் சொக்சோ பாதுகாப்பில் அடங்கும். சுளுக்குதானே என்று எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு மாதக்கணக்கில் இருப்பவர்களிடம், பின்னர் கோரிக்கை வைக்க முதல் நாள் மருத்துவப் பதிவே இருப்பதில்லை.