கடியாரத்தின் முகமும் அகமும்

சேர்வராயன் மலைமேல் இருப்புப்பாதை ஏறவில்லை. புகைவண்டி சேலம் ஜங்ஷனோடு நின்றுவிட, மலை ஏறுவோர் வளைந்து வளைந்து செல்லும் சாலையையே நம்பியிருக்கின்றனர். ஆயினும் ஏர்க்காட்டிலும் கரடியூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் பழைய வீடுகளில் ரயில்வே ஜேபிக் கடியாரங்கள் காணப்படுவதுண்டு. கார்டாகவோ டிரைவராகவோ ஊழியம் செய்த பாட்டனாரின் உடைமையாக அவை பெட்டியடியிற் கிடக்கின்றன. நம் மாணவர் சிலருடைய வீடுகளிலும் அத்தகையதொன்று இருத்தல் கூடுமாதலின், அவை குறித்து எமது கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முகப்பில் எழுதிய பெயரைக் கண்டு கடியாரத்தை மதித்தல் தகாது. பின்மூடியைத் திறந்து உள்யந்திரத்தைப் பார்த்து, பார்த்ததைக் குறித்து வைத்த பின்னரே அதைப் பழுது பார்க்கக் கொடுத்தல் வேண்டும். இன்று நடப்பதோ இதற்கு நேர்மாறு. ஓடாத கடியாரம் கடைக்குச் செல்கின்றது. அதனினும் பழுதான மற்றொன்றின் சக்கரமோ பிளேட்டோ அதனுட் புகுகின்றது. முகப்புக்குப் புது வர்ணமும் புதுப் பெயரும் ஏறுகின்றன. திரும்பி வருவது பாட்டனாருடைய கடியாரமன்று. மூன்று கடியாரங்களின் கூட்டு.

முகப்பிலுள்ள பெயர் பெரும்பாலும் விற்றவன் பெயரேயன்றிச் செய்தவன் பெயரன்று. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாணிகம் நடத்திய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியார் நம் நாட்டில் மிக்க பெயர் பெற்றவர். அவர்தம் ‘குயீன் ஆன்’ கடியாரங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தால், உள்ளிருப்பது ஸ்விட்சர்லாந்து நாட்டு ஸேன் இமியே ஊரில் லாஞ்ஜீன் ஆலையார் செய்த யந்திரமென்பது விளங்கும். செய்தவரின் முத்திரை சில கடியாரங்களில் முகப்புத் தகட்டின் அடியிலோ பாலன்ஸ் சக்கரத்தின் அடியிலோ ஒளிந்திருக்கும். மற்றொரு வகை ராஸ்காப். ஜார்ஜ் பிரெடரிக் ராஸ்காப் என்பவர் ஏழைத் தொழிலாளரும் வாங்கத்தக்க 20 பிராங்கு விலையில் 57 உறுப்புகளே கொண்ட கடியாரமொன்றை ஆக்கி, 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். கற்களுக்கு மாறாக எஃகு ஊசிகள், நடுச்சக்கரமின்றிப் பெரிய வில்பெட்டியே முட்களை ஓட்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். பிற்காலத்தில் பலர் அம்முறையைப் பின்பற்றிச் செய்தனர். அவற்றுட் சிலவற்றின் முதுகில் எஞ்சின் படமும் செதுக்கினர். எஞ்சின் படம் இருப்பதனாலேயே அது ரயில்வே கடியாரமாகிவிடாது. கம்பெனியின் எழுத்துகளும் ஊழிய எண்ணும் பொறித்திருத்தல் அதனினும் வலிய சான்று. அதுவும் கூட்டுக்குச் சான்றேயன்றி உள்ளிருக்கும் யந்திரத்துக்கு அன்று.

அமெரிக்காவிலோ ரயில்வே கடியாரம் என்பதற்குத் திட்டமான பொருள் உண்டு. 1891 ஏப்ரலில் ஒஹாயோ மாகாணத்துக் கிப்டன் ஊரருகே இரண்டு வண்டிகள் மோதி உயிர்ச்சேதம் நேர்ந்தது. ஊழியர் ஒருவரின் கடியாரம் நான்கு நிமிஷம் பிந்தியிருந்ததே காரணமென்பர். அதன்பின் வெப் பால் என்னும் கடியார வணிகர் வகுத்த விதிகள் பரவின: 17 கல்லுக்குக் குறையலாகாது, ஐந்து நிலைகளில் சரிபார்த்திருத்தல் வேண்டும், வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிழைபடலாகாது. இவ்விதிகளுக்கு இயையச் செய்த ஆலைகளும் தம் யந்திரத்தை ஒரே படியாக வைத்திருக்கவில்லை. வால்தம் ஆலையார் ‘வான்கார்டு’ என்ற ஒரே பெயரை 1892ஆம் ஆண்டு மாதிரிக்கும் 1908ஆம் ஆண்டு மாதிரிக்கும் இட்டனர். இரண்டின் அளவும் வேறு. ஹாமில்டன் ஆலையாரின் 992 என்பது 1940இல் 992 பி ஆயிற்று. பிந்தியதன் எண்ணுக்கு முன் ‘சி’ என்னும் எழுத்து நிற்கும். எண் அட்டவணைகள் அச்சில் உள்ளனவேயெனில், ஆலையார் எண்களை மாதிரிவாரியாகத் தொகுதி தொகுதியாய் ஒதுக்கி வைத்துப் பின்னரே செய்து முடித்ததுமுண்டு. ஆகவே எண்ணொன்றையே கொண்டு ஆண்டைத் துணிதல் பேதைமை. பிளேட்டின் அமைப்பு, கற்கள் பதித்த விதம், மெருகிட்ட கோலம், வேகந் திருத்தும் உறுப்பு இவையெல்லாம் எண்ணோடு ஒத்து நிற்றல் வேண்டும்.

நம் மலை இவ்வாராய்ச்சிக்கு ஓர் உரைகல்லாகும் என்பதைப் பலர் கருதுவதில்லை. சேலம் ஏறக்குறைய 900 அடி உயரத்தில் உள்ளது. ஏர்க்காடு ஏறக்குறைய 5,000 அடி. வெப்பம் பதினைந்து பாரன்ஹீட் பாகை குறையுமென்று கொள்வோம். வெறும் பித்தளைப் பாலன்ஸும் எஃகு ஹேர்ஸ்பிரிங்கும் உடைய கடியாரம் ஒரு பாகைக் குளிர்ச்சிக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 விநாடி முந்தும். எனவே மலைமேல் சுவரில் தொங்கவிட்டால் அது நாளுக்கு ஒன்றரை நிமிஷம் முந்தும். (சட்டைப்பையில் வைத்தால் உடற்சூடு உண்மையை மறைத்துவிடும்.) உள்ளே எஃகும் வெளியே பித்தளையுமாக ஒட்டி, இரண்டிடத்தில் வெட்டிய விளிம்புள்ள பாலன்ஸ் இவ்வேறுபாட்டைப் பெரிதும் தானே ஈடுசெய்துகொள்ளும். வெட்டாத விளிம்பே காணப்படின், அது மலிவான கடியாரமாகவும் இருக்கலாம். அன்றி, 1920இல் பௌதிக நோபல் பரிசு பெற்ற கியோம் கண்ட எலின்வார் உலோகத்தால் ஹேர்ஸ்பிரிங் செய்த உயர்ந்த கடியாரமாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். மலை அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். வெட்டிய விளிம்பிருந்தும் மலைமேல் மிகுதியாகப் பிந்துமாயின், யாரோ அதன் ஹேர்ஸ்பிரிங்கை மாற்றியிருக்கின்றனர் என்று ஐயுறலாம்.

‘ஓடினாற் போதாதோ, எந்தச் சக்கரமாயின் என்ன?’ என்பர் சிலர். மணி பார்ப்பதற்கு மட்டுமாயின், இக்காலத்தில் அக்கடியாரமே வேண்டியதில்லை. கைப்பேசி அதனினும் செம்மையாகக் காட்டும். பாட்டனார் எந்தக் கம்பெனியில், எத்தகைய கடியாரத்தைக் கொண்டு வண்டி ஓட்டினார் என்பதற்குச் சில குடும்பங்களில் வேறு ஏடு இல்லை. அந்த ஏட்டின் நடுத்தாளைக் கிழித்து வேறு தாள் தைப்பதையே நாம் மறுக்கின்றோம். உறுப்பை மாற்றியே தீரவேண்டுமாயின் மாற்றுக. கழற்றிய உறுப்பைத் திரும்பக் கேட்டு வாங்குக.

விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் இவ்வளவு செய்யலாம். மூடி திருகுவகையாயின் உள்ளங்கையாற் சுழற்றித் திறக்கவும்; கத்திமுனை வேண்டா. எண், எழுத்து, கற்களின் தொகை, பாலன்ஸ் விளிம்பின் வகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் ஒரு நிழற்படமும் எடுக்கவும். முகப்புத் தகட்டின் அடிப்புறத்தைக் கடைக்காரர் கழற்றும்போது உடனிருந்து பார்க்கவும். பின்பு அக்குறிப்பை மடித்துக் கடியாரப் பெட்டியிலேயே வைத்துவிடுக.