உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு: சந்தோசம் கொடுக்கவும் ஒரு முறை இருக்கிறது



கொஞ்ச நாளாக பேஸ்புக்கைத் திறந்தால் ஒரே மாதிரி வீடியோ. இஹ்ராம் உடுத்த நம்ம சகோதரர் ஒருவர், ஹரம் முற்றத்தில் துப்புரவு செய்யும் தொழிலாளிக்கு 10 ரியால் நீட்டுகிறார். பக்கத்தில் இன்னொருவர் போனைப் பிடித்திருக்கிறார். வாங்குகிறவரின் முகம் முழுசாகத் தெரிகிறது. கீழே வரிசையாக "மாஷா அல்லாஹ்".

கொடுத்தது நல்ல காரியம். படம் எதற்கு? சொல்லிக் காட்டி தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று சூரா பகராவின் 264ஆவது வசனம் எச்சரிப்பது நமக்குத் தெரியும். வாயால் சொன்னால்தான் சொல்லிக் காட்டுவதா? போனாலும் அதைச் செய்யலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வீடியோவுக்கு 10 ரியால் கொடுக்கிறவர், பத்து நாளும் தன் ரூமைக் கூட்டி, பெட்ஷீட் மாற்றி, பேக் தூக்கின பையனுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் வெளிக்கிடுகிறார். கேட்டால் இரண்டு பதில் ரெடி.

ஒன்று: "பில்லில் 15 வீதம் போட்டிருக்குதானே." அது வற் வரி. 2020 ஜூலையிலிருந்து சவூதி அரசாங்கம் அந்த வீதத்தில் அறவிடுகிறது. நம்ம நாட்டு ஹோட்டல் பில்லில் வரும் 10 வீத சேவிஸ் சார்ஜ் அல்ல அது.

இரண்டு: "அவனுக்குச் சம்பளம் இருக்குதானே." இருக்கிறது. சவூதியில் சந்தோசம் கொடுப்பது கட்டாயமும் இல்லை. அமெரிக்காவில் போல 15, 20 வீதம் என்று கணக்குப் பார்க்கவும் தேவையில்லை. ஆனால் இந்தப் பதிலை நாம் சொல்லலாமா? கட்டாரிலும் டுபாயிலும் ரூம் கூட்டுகிற, வாகனம் ஓட்டுகிற பிள்ளைகளின் காசில்தானே நம்ம ஊரில் எத்தனையோ வீட்டு அடுப்பு எரிகிறது! நம்ம பிள்ளையின் கையில் யாரும் பத்து ரியால் வைத்தால் உம்மா துஆ கேட்பா. அதே வேலை செய்கிற பங்களாதேஷ் பிள்ளையிடம் மட்டும் ஏன் சட்டம் பேசுகிறோம்?

குரூப் கூட்டிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ட்ரைவருக்கு" என்று தலைக்கு இவ்வளவு எனக் கட்டாயமாகச் சேர்ப்பது சந்தோசம் இல்லை, கட்டணம். கட்டணம் என்றால் பெக்கேஜ் விலையிலேயே சொல்லுங்கள். விருப்பத்தோடு சேர்த்த காசு என்றால், கொடுத்தவர்கள் பார்க்க ட்ரைவரின் கையில் கொடுங்கள்.

போகிறவர்கள் 5, 10 ரியால் நோட்டுகள் கொஞ்சம் தனியாக ஒதுக்கி வையுங்கள். மிஞ்சின இலங்கைக் காசைத் திணித்துவிட்டு வராதீர்கள். அதை வைத்து அவர் அங்கே என்ன வாங்குவார்? பெயரைக் கேளுங்கள், சலாம் சொல்லுங்கள், கையில் கொடுங்கள். போன் பொக்கெட்டிலேயே இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.